போட்டோதெரபி விளக்கும் அதற்கான விதிகளும்

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். என் பொறுப்பில் உள்ளவற்றில் பார்வைக்கு மிக எளிமையானது மஞ்சள் காமாலைக்கான போட்டோதெரபி (ஒளிச் சிகிச்சை) கருவிதான். அதனாலேயே பலர் அதை வெறும் விளக்கு என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், 460 முதல் 490 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள நீல ஒளி குழந்தையின் தோலுக்குள் சென்று, மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருளை உடல் எளிதில் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆகவே அந்த ஒளிக்கும் மருந்தைப் போலவே அளவு உண்டு.

சட்டமும் இன்று அதை அப்படித்தான் பார்க்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் மருத்துவக் கருவிகள் அனைத்தும், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி மருந்து என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள், ஆபத்தின் அளவைப் பொறுத்து அவற்றை ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. இறக்குமதி செய்பவருக்கு எம்.டி. 15 என்ற படிவத்தில் உரிமமும், விற்பவருக்கு எம்.டி. 42 படிவத்தில் பதிவுச் சான்றிதழும் வேண்டும்.

ஒருமுறை நல்ல உள்ளம் கொண்ட ஒருவர் எங்கள் வார்டுக்குச் சில கருவிகளை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். லேபிளில் உரிம எண்ணும் இல்லை, தயாரிப்பாளரின் முகவரியும் இல்லை. “தானமாக வருவதற்கும் சட்டம் பார்க்க வேண்டுமா சார்?” என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள் என்று விளக்கி, அவற்றை ஏற்க மறுத்தேன். அந்த முடிவு சரியென்றே இன்றும் நம்புகிறேன்.

ஆனால் இந்த விதிகளின் கவனம் பெரும்பாலும் கருவி மருத்துவமனை வாசலுக்கு வந்து சேரும் வரைதான் இருக்கிறது; என் வேலையோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தீவிர போட்டோதெரபிக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நானோமீட்டர் அலைநீளத்துக்குக் குறைந்தது 30 மைக்ரோவாட் ஒளிச்செறிவு வேண்டும். பழைய சி.எஃப்.எல். குழல்கள் கண்ணுக்குப் பளிச்சென்று நீலமாகவே எரியும். குழந்தை படுத்திருக்கும் உயரத்தில், ஒளிச்செறிவை அளக்கும் ஃப்ளக்ஸ் மீட்டரை வைத்தால்தான் அளவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும். ஊசி போட வசதியாக விளக்கை மேலே தூக்கிய சிஸ்டர், அடுத்த குழந்தை அழுததும் அங்கே ஓடிவிடுவார். விளக்கு அந்த உயரத்திலேயே நின்றுவிடும். ஒளி சிதறாமலிருக்கச் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டும் வழக்கம் நல்லதுதான் என்றாலும், அந்தத் துணி காற்றுத் துளைகளை மூடிவிட்டால் கருவியும் குழந்தையும் சேர்ந்து சூடாகிவிடும்.

கருவியால் தீங்கு நேர்ந்தால் தெரிவிப்பதற்கென்று, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின்கீழ் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015 முதல் நடந்துவருகிறது. செவிலியரும் பொறியாளரும்கூட அதில் புகார் பதியலாம். ஆயினும், பழி தங்கள் மேல் விழுமோ என்று அஞ்சிப் பலர் அந்தப் படிவத்தைத் தொடுவதில்லை. இந்த அச்சத்தைப் போக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

எங்கள் கொள்முதல் நிபந்தனைகளில் இப்போது மூன்று வரிகளைச் சேர்த்திருக்கிறோம்: கருவியோடு ஃப்ளக்ஸ் மீட்டரும் தர வேண்டும், எரிந்த மணிநேரத்தைக் காட்டும் கணக்கி இருக்க வேண்டும், எல்லா ஷிஃப்ட் சிஸ்டர்களுக்கும் நேரில் பயிற்சி அளிக்க வேண்டும். இவற்றைச் சட்டமே எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.