புல்காரி: ஆறு வாரத்தில் ஒரு மூலை

கணவருக்கு மாற்றலாகி நாங்கள் பட்டியாலா வந்து எட்டு மாதம் ஆகிறது. கீழ்வீட்டு பீஜியிடம் (இங்கே மூத்த பெண்களை மரியாதையாக அழைப்பது இப்படித்தான்) ஆறு வாரமாகப் புல்காரி எனும் பஞ்சாபிப் பூத்தையல் கற்றுக்கொள்கிறேன். எழுபதைத் தாண்டிய மனுஷி, இன்னும் ஊசியில் தானே நூல் கோர்க்கிறார். இதுவரை என் துப்பட்டாவில் ஒரே ஒரு மூலை முடிந்திருக்கிறது, நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம். ஆனால் கடைசி நாலு நாள் போட்டதில் பீஜி எதையும் பிரிக்கச் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வாரம் முழுக்கப் பிரித்ததுதான் வேலை. சங்கிலித் தையல், காம்புத் தையல் எல்லாம் பள்ளி நாளிலேயே பழகியவள் என்ற தெம்பில், துணியை இறுக்கிப் பிடிக்கும் தையல் வளையம் மாட்டி, பென்சிலால் பூ வரைந்து எடுத்துப் போனேன். பீஜி வளையத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். துணியைத் திருப்பிப் பின்பக்கம் தெரியக் கையில் கொடுத்தார். "வரையாதே புத் (பிள்ளை), இழையை எண்ணு" என்றார்.

புல்காரியைப் பின்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும். ஊசி பின்பக்கத்தில் ஒரே ஒரு இழையை அள்ளும். முன்பக்கத்தில் நூல் பல இழைகளைத் தாண்டி மிதக்கும். அதனால் பின்னால் வெறும் புள்ளிகள், முன்னால் முழுக்கப் பட்டு. அந்தக் காலத்தில் கதர் வீட்டில் நூற்ற நூல், 'பட்' எனும் முறுக்காத பட்டிழையோ வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கியது. அதில் கொஞ்சமும் பின்னால் ஒளிந்து வீணாகாத தையல் இது. நான் முதலில் எடுத்தது மெல்லிய 'வாயில்' (voile) துணி. இழையை எண்ணவே முடியவில்லை. கருஞ்சிவப்புக் கதருக்கு மாறிய பிறகுதான் கை வந்தது.

என் சாய்சதுரத்தில் தையல் தாண்டும் இழைகளின் கணக்கு 3, 5, 7 என்று ஏறி 15 வரை போய், அதே வழியில் இறங்க வேண்டும். ஒரு வரியில் ஓர் இழை தப்பினாலும் முனை கோணிக்கொள்ளும். பின்னால் பார்த்தால் தெரியாது, திருப்பினால் பளிச்சென்று தெரியும். நூலை இறுக்கி இழுத்ததால் இரண்டாம் வாரம் துணி சுருங்கியது. இப்போது வரிக்கு ஒரு தரம் கட்டைவிரலால் நீவிவிடுகிறேன்.

மூன்றாம் வாரம்தான் இந்த வேலை மேல் ஆசை முற்றியது. சாய்சதுரத்தை நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கால்கள் இரண்டில் தையலைப் படுக்கையாகவும் மற்ற இரண்டில் நெடுக்காகவும் போடச் சொன்னார். ஒரே மஞ்சள் நூல்தான். ஜன்னலோரம் பிடித்தால் இரண்டு கால் எலுமிச்சை மஞ்சள், இரண்டு கால் அடர்ந்த மஞ்சள். துணியைத் திருப்பினால் நிறம் இடம் மாறுகிறது. நூலில் முறுக்கு இல்லாததால் வெளிச்சம் அப்படி வழுக்கிப் போகிறது. அசல் பட் சுலபமாகக் கிடைக்காததால் என்னுடையது ரேயான் நூல். அதிலேயே இப்படி என்றால் பட்டில் எப்படி இருக்கும்!

அதையும் பார்த்துவிட்டேன். போன ஞாயிறு பீஜி இரும்புப் பெட்டியைத் திறந்து, கல்யாணத்தில் மாமியார் கொடுத்த 'வரி தா பாக்'கை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மருமகளுக்கு வருவது அது. துணி தெரியாமல் பரப்பு முழுக்கப் பூவேலை நிறைந்தால் அதற்குப் பெயர் பாக், அதாவது தோட்டம். சிவப்புக் கதர் தையலுக்கு நடுவே மயிரிழைக் கோடாக மட்டும் தெரிகிறது. மற்றதெல்லாம் பொன் மஞ்சள், சாய்சதுரத்துக்குள் சாய்சதுரம். ஒரு மூலையில் ஒன்றே ஒன்று பச்சை. "நஸர்" என்றார் பீஜி. கண் படாமல் இருக்க வேண்டுமென்றே வைத்த மாற்று. தாய்வழிப் பாட்டி பேத்திக்கென்று செய்யும் 'சோப்' என்ற புல்காரி இருபுறமும் ஒன்றுபோல இருக்குமாம். அந்தத் தையலுக்கு நான் இன்னும் போகவில்லை.

போட்டுக்கொள்ளும் விதத்தையும் அன்றே காட்டினார். நான் பழக்கதோஷத்தில் மடிப்பு எடுத்து, தோளில் ஊக்குக் குத்தப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். மிதக்கும் நூலில் ஊக்கு மாட்டினால் வரியே உருவிக்கொண்டு வரும். மடித்தால் வேலைப்பாடும் உள்ளே போய்விடும். நீள விளிம்பின் நடுவைக் கண்டுபிடித்து உச்சந்தலையில் வைத்து, இரண்டு பக்கமும் தோள்வழியே விரிந்து தொங்கவிட வேண்டும். கனமான துணி, தானே நிற்கிறது. குளிருக்கு வலது முனையை இடது தோள்மேல் வீசிக்கொள்ளலாம். பார்ப்பவர்களுக்கு முதுகுதான் முழுப் படம். தலைக்கு வரும் இடத்தில் தனியாக ஒரு முக்கோணப் பூவேலை வைத்த 'கூங்கட் பாக்' ஏன் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. உள்ளே போடும் சல்வார் கமீஸ் ஒரே நிறமாக, பூ இல்லாமல் இருப்பதுதான் என் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. கல் வைத்த வளையல் கூடவே கூடாது. கடைகளில் ஜார்ஜெட்டில் வரும் புல்காரி லேசானது, ஒரு தோளில் விட்டால் போதும்.

அடுத்த மூலைக்குப் பச்சை நூல் வாங்கியிருந்தேன். நேற்று ஓர் இழையை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன், சாயம் ஒட்டியது. வேறு நூல் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.