டெண்டரின் மூன்று எடைகள்

பதினைந்து மீட்டர் நீளமும் ஏறத்தாழ 20 டன் எடையும் உள்ள ஒரு மோட்டார் யாட்டைச் சில ஆண்டுகளாக நான் பராமரித்து ஓட்டி வருகிறேன். அதன் மேல்தளத்தின் பின்பகுதியில் ஒரு டெண்டர், அதாவது கரைக்குப் போய்வர உதவும் துணைப்படகு, மரத் தாங்குகட்டைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. அதன் எடை என்னவென்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் விளம்பரக் கையேட்டில் அச்சாகியிருந்த 190 கிலோ என்ற எண்ணைத் தயங்காமல் சொல்லிவிடுவேன். ஒருநாள் கிரேனின் கொக்கிக்கும் தூக்குக் கயிற்றுக்கும் நடுவே எடைமானியைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்த்தபோது அது 410 கிலோ காட்டியது.

கருவி பழுதாகியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்ததும் கணக்குப் பிடிபட்டது. கையேட்டின் எண் வெறும் படகுக்கு மட்டும் உரியது. 40 குதிரைத்திறன் வெளிப்பொருத்து எஞ்சின் கிட்டத்தட்ட 100 கிலோ, 45 லிட்டர் பெட்ரோல் 33 கிலோ, பேட்டரி 20 கிலோ, நங்கூரமும் சங்கிலியும் கயிறுகளும் தீயணைப்பானும் மிதவைச் சட்டைகளுமாக இன்னொரு 30 கிலோ, நனைந்த உறையின் எடை தனி. மிச்சமிருந்த சுமையைத் தேடிப் போனபோது, தரைப்பலகைக்கும் படகின் அடிப்பகுதிக்கும் இடையே தண்ணீர் தேங்கிக் கிடந்ததைக் கண்டேன். கனமான டெண்டரை ஏற்றிச் செல்ல விரும்பும் எவரும் முதலில் செய்யவேண்டியது இந்த எடைபோடுதல்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எரிபொருள் நிரம்பிய நிலையில், எல்லாப் பொருள்களும் உள்ளே இருக்கும்போதே எடைபோட வேண்டும்.

ஆனால் அந்த 410 கிலோ துறைமுகத்தின் அமைதியான நீரில் எடுத்த எடை மட்டுமே. அதே டெண்டர் கிரேனில் தொங்கும்போது யாட்டின்மேல் வேறுவிதமாகச் செயல்படுகிறது. கடல் கொந்தளிக்கும்போது இன்னொரு விதமாகச் செயல்படுகிறது. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகே என் யாட்டில் எது போதும், எது போதாது என்பது எனக்குத் தெளிவானது.

தாங்குகட்டைகளில் அமர்ந்திருக்கும் நிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். யாட்டின் ஈர்ப்பு மையத்துக்கு 3 மீட்டர் மேலே 410 கிலோவை வைத்தால், அந்த எடையை உயரத்தால் பெருக்கி மொத்த எடையால் வகுக்க, ஈர்ப்பு மையம் 6 சென்டிமீட்டர் உயர்வது தெரியவரும். சாய்ந்த கலத்தை நிமிர்த்தும் திறனுக்கு அளவுகோலான மெட்டாசென்டர் உயரம் 90 சென்டிமீட்டர் உள்ள கலத்தில் இது பேரிழப்பு அல்ல. ஆனால் மேல்தளத்தில் ஏற்கெனவே குளிர்பெட்டியும் கூரையும் கூடுதல் இருக்கைகளும் சேர்ந்திருந்தால், ஒவ்வொன்றும் இப்படியே சில சென்டிமீட்டர்களைத் தின்றிருக்கும். ஆகவே உற்பத்தியாளர் அந்தத் தளத்துக்கு எவ்வளவு சுமை அனுமதித்திருக்கிறார் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டு, மேலே எதையாவது புதிதாக ஏற்றும்போதெல்லாம் அந்த எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வருவது நல்லது. கட்டிவைத்த யாட் ஒரு பக்கம் சாய்ந்து மீண்டும் அதே பக்கத்துக்கு வர எடுக்கும் நேரத்தை, டெண்டர் இல்லாமலும் டெண்டரோடும் நான் அளந்து குறித்து வைத்திருக்கிறேன். அந்த நேரம் காரணமின்றி நீண்டால், மேலே எடை கூடியிருக்கிறது அல்லது அடித்தளத்தில் எங்கோ தண்ணீர் தளும்புகிறது என்று பொருள் கொள்வேன்.

கிரேனில் தொங்கும் நிலை இதைவிடக் கூர்மையானது. தொங்கும் பொருளின் எடை, அது நீருக்கு ஒரு சாண் மேலே இருந்தாலும், தூக்குக்கையின் நுனியில் இருப்பதாகவே கலத்தின்மேல் செயல்படும். பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். டெண்டர் நீரைவிட்டு எழும்பிய அந்தக் கணத்திலேயே முழு எடையும் நுனிக்கு ஏறிவிடுகிறது. என் கிரேனின் நுனி ஈர்ப்பு மையத்துக்கு 4.5 மீட்டர் மேலேயும், நடுக்கோட்டிலிருந்து 3.2 மீட்டர் வெளியேயும் நீளும்போது, கணக்குப்படி யாட் 4.5 பாகை அளவுக்குச் சாய வேண்டும். கண்ணால் பார்த்த சாய்வும் அதற்கு அருகிலேயே இருந்தது. அந்தச் சாய்வோடு ஓர் அலையும் சேர்ந்தால் தொங்கும் டெண்டர் ஊசல்போல ஆடத் தொடங்கும். அதைக் கையால் தள்ளி நிறுத்த முடியும் என்று எண்ணுவது மிகவும் ஆபத்தானது. முன்முனையிலும் பின்முனையிலும் தலா ஒரு கயிறு கட்டி, அவற்றைத் தளத்தில் கயிறு கட்டுவதற்கென உள்ள கட்டைகளில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்ட பிறகே தூக்குகிறோம். டெண்டருக்குள் ஆள் இருக்கக் கூடாது, அதன் கீழேயும் இருக்கக் கூடாது. இந்த விதிக்கு நான் விலக்கு அளிப்பதே இல்லை.

கடலில் அதே டெண்டர் எடுக்கும் மூன்றாவது எடையே எல்லாவற்றையும் உடைக்கிறது. யாட் ஓர் அலையின் முதுகிலிருந்து விழுந்து அடுத்த அலையில் மோதி நிற்கும்போது, தாங்குகட்டைகள் டெண்டரின் எடையைப்போல் இரு மடங்கைத் தாங்க நேரலாம். மோதல் கடுமையானால் அதற்கு மேலும் போகும். அதற்குச் சற்று முன், விழுந்துகொண்டிருக்கும் நொடியில், அதே டெண்டர் கட்டைகளின்மேல் ஏறக்குறைய எடையற்றதாக இருக்கிறது. எடை இல்லாவிட்டால் உராய்வும் இல்லை. அந்த நொடியில் பக்கவாட்டு உந்துதல் சிறிதளவு கிடைத்தாலே அது நகர்ந்துவிடும். தன் கனமே அதை இருந்த இடத்தில் வைத்திருக்கும் என்று நம்பிக் கட்டுகளைக் குறைப்பவர்கள் இந்த நொடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதை நான் ஓர் இரவுப் பயணத்தில் கற்றுக்கொண்டேன். மதிய வெயிலில் இரண்டு ராட்செட் பட்டைகளை, அதாவது பல்சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் பட்டைகளை, டெண்டரின் பக்கங்களாக அமைந்த, காற்றடைத்த குழாய்களின் மேலாகப் போட்டு, விரலால் தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு இறுக்கியிருந்தேன். இரவில் காற்று குளிர்ந்தது, குழாய்களுக்குள் இருந்த காற்றும் சுருங்கியது, பட்டைகள் தளர்ந்தன. நள்ளிரவுக்குப் பின் மேலிருந்து ஒரு மந்தமான இடிச்சத்தம் சீராகக் கேட்கத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்து, அலையை நேர்முகமாக வாங்கும்படி யாட்டைத் திருப்பிய பிறகு, பாதுகாப்புக் கயிற்றைப் பூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். டெண்டர் தன் இடத்திலிருந்து ஒரு முழம் விலகி, தளத்தின் விளிம்புக் கம்பிகளில் சாய்ந்து கிடந்தது. அதை மீண்டும் இழுத்துக் கட்ட எனக்கும் உடன் வந்தவருக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் எங்கள் கால்கள் இருந்த இடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நடுக்கம் ஏற்படுகிறது.

அன்றிலிருந்து குழாய்களின் மேலாகப் பட்டை போடுவதில்லை. முன்முனை வளையம், பின்பலகையின் இரு வளையங்கள் ஆகிய உறுதியான இடங்களிலிருந்தே கட்டுகிறேன். பின்புறப் பட்டைகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. கீழ்நோக்கி மட்டும் இழுக்கும் பட்டை பக்கவாட்டு நகர்வைத் தடுக்காது. தளத்தோடு 60 பாகையில் ஏறும் பட்டையின் இழுவிசையில் பாதி மட்டுமே கிடைத்திசையில் பயன்படும். 45 பாகையில் அது பத்தில் ஏழு பங்காகிறது. கலம் 30 பாகை சாய்ந்தால் டெண்டரின் எடையில் பாதி, அதாவது 205 கிலோ, ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்பதையும், அலையின் உதறல் அதற்கு மேல் சேரும் என்பதையும் வைத்தே பட்டைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தேன். பட்டையில் அச்சிட்ட அறுபடும் சுமையை வேலைச் சுமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலியஸ்டர் வெயிலில் வலுவிழக்கும். நிறம் வெளுத்து, விளிம்பு நூல் பிரிந்த பட்டையை நான் மறுபேச்சின்றி வீசிவிடுகிறேன்.

பட்டை எவ்வளவு உறுதியானாலும், அது போய்ச் சேரும் தளத்து வளையம் உறுதியாக இல்லாவிட்டால் பயனில்லை. என் யாட்டில் முன்பு வேலை செய்தவர்கள் அந்த வளையங்களைச் சிறிய வாஷர்களோடு மட்டுமே பொருத்தியிருந்தார்கள். தளமோ இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே மென்மையான உள்ளீடு கொண்டது. அடியில் அகலமான உலோகத் தகடு இல்லாவிட்டால் போல்ட் அந்தத் தோலைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். துளை வழியே நீர் இறங்கினால் உள்ளீடு அழுகும். எல்லாவற்றையும் கழற்றித் தகடு வைத்து மீண்டும் பூட்டினேன். தாங்குகட்டைகளும் டெண்டரின் அடிவடிவத்துக்குச் செதுக்கப்பட்டு, எடையைக் குழாய்களில் ஏற்றாமல் கட்டியான அடிப்பகுதியில் வாங்க வேண்டும்.

பின்புற ஹைட்ராலிக் மேடையில் டெண்டரை வைப்பவர்களுக்கு ஈர்ப்பு மையம் உயரும் கவலை குறைவு. மாறாக, பின்பகுதி தாழும். எஞ்சின் புகை வெளியேறும் துளைகளும் தளத்து வடிகால்களும் நீர்மட்டத்தை நெருங்கும். பின்பகுதியை உயர்த்த உதவும் டிரிம் தகடுகள், யாட் வேகமாக ஓடும்போது மட்டுமே அதைச் சரிசெய்யும். பின்னாலிருந்து துரத்தும் அலை மேடையின் அடியை மேல்நோக்கி அறையும். டெண்டருக்குள் நீரையும் கொட்டும். இரண்டு சதுர மீட்டர் தரையில் 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் 200 கிலோ. எனவே எங்கே ஏற்றினாலும் வடிகால் அடைப்பானைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மேடையை முழுவதும் உயர்த்தி இயந்திரப் பூட்டையும் போட வேண்டும். எண்ணெய் அழுத்தம் மெல்லக் கசிந்து இறங்கக்கூடியது.

புறப்படும் முன் சில பார்வைகள் மிச்சம் உள்ளன. பின்விளக்கின் 135 பாகை வீச்சை டெண்டர் மறைக்கிறதா, உயிர்காப்புத் தெப்பத்தைத் தடையின்றி எடுக்க முடிகிறதா, நீரில் விழுந்தவர் ஏறவேண்டிய ஏணி அதன் அடியில் சிக்கியிருக்கிறதா என்பவை அவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் தாழ்வான இடம் தேடி இறங்கும். தொட்டிக் குழாயை மூடிவைக்கிறேன். மூடிய அறைக்குள் டெண்டரை வைத்திருப்பவர்களுக்குக் காற்றோட்டமும் ஆவி உணர்கருவியும் கட்டாயம்.

திறந்து வைத்த அடைப்பானை இறக்கும்போது மறந்தால் டெண்டர் நிரம்பிவிடும். அதனால் கழற்றிய அடைப்பானை எஞ்சின் சாவியோடு ஒரே கயிற்றில் முடிந்து வைக்கிறேன். அடைப்பானை அதன் இடத்தில் திருகிய பிறகே சாவி கைக்கு விடுபடும்.