எடேல் முதல் ஹோப் வரை: மச்சான் போனும் என் போனும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லார் போனிலும் இருக்கிற அந்த மேப்பை மட்டும் நம்பி இங்கிலாந்து கிராமப்புறத்தில் நடக்கப் போகாதீர்கள். அது கார்க்காரர்களுக்கானது. எடேல் என்ற கிராமத்தில் இருந்து மாம் டோர் என்ற மலைக்கு வழி கேட்டால் மச்சான் போன் நடைபாதையே இல்லாத வளைவு ரோட்டைக் காட்டுகிறது. என் போனில் இருந்த, பிரிட்டன் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் மேப் ஆப்போ ரோட்டை விட்டு நேராக வயலுக்குள் இறங்கி ஹாலின்ஸ் கிராஸ் மேட்டுக்கு ஏறும் பச்சைப் புள்ளிக்கோட்டைக் காட்டுகிறது. அரை மணி நேரம் பொறுமையாக இருந்த மச்சான் அதற்கப்புறம் தன் போனைப் பையில் போட்டுவிட்டார்.

அந்தப் பச்சைக் கோடுதான் விஷயமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்துக்குள் பொதுமக்கள் நடக்கச் சட்டப்படி உரிமை உள்ள பாதைகள் மட்டும் 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. நிலம் பண்ணைக்காரருடையது, பாதையில் நடக்கும் உரிமை நம்முடையது. கேள்விப்படும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாதை ஒரு பண்ணை வீட்டின் முற்றத்துக்குள்ளேயே போகும்போது, ஜன்னலில் திரை லேசாக விலகும்போது, காலே எழும்பாது. "மாப்ள, நாயை அவுத்து விட்டா என்ன பண்றது?" என்றார் மச்சான். நான் போனை நீட்டினேன். நாங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி பச்சைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கேட்டைத் திறந்தோம், நடந்தோம், மறக்காமல் மூடினோம். வெளியே வந்த வீட்டுக்கார அம்மா "லவ்லி டே" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார். எங்களைப் போல வெளியூர் முகங்களுக்கு வழி காட்டுவதைவிட இந்தத் தைரியத்தைத் தருவதுதான் அந்த ஆப்பின் பெரிய உபகாரம் என்பேன். பாதையோர வழிகாட்டிக் கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. ஆனால் பாதி இடத்தில் கம்பத்தையே செடி மூடியிருக்கிறது.

செலவு பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆப்பில் நல்ல மேப் வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும், ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு அது கசக்கும். நான் செய்தது வேறு. அந்தப் பகுதிக்கான ஆரஞ்சு அட்டை பேப்பர் மேப், ஓஎல் 1, அதை வாங்கினேன். உள்ளே சுரண்டினால் ஒரு எண் வரும், அதை ஆப்பில் போட்டால் அதே மேப் போனிலும் இறங்கிவிடும். ஒரே காசில் இரண்டு. அதுவும் வேண்டாம் என்றால் ஆர்கானிக் மேப்ஸ் இருக்கிறது, இலவசம், தன்னார்வலர்கள் வரைகிற ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடுவது. பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகள் அதில் இருக்கும், ஆனால் எது சட்டப்படியான பாதை, எது ஆடு போட்ட தடம் என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

எதுவானாலும் வைஃபை இருக்கும்போதே மேப்பை இறக்கி வையுங்கள். எடேலைத் தாண்டியதும் எங்கள் இருவர் போனிலும் டவர் போய்விட்டது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது, ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருந்து வருகிறது, ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் புள்ளி நகரும், பேட்டரியும் மிச்சம். ஹாலின்ஸ் கிராஸில் பனி இறங்கி, பல பாதைகள் பிரியும் இடத்தில் பத்தடிக்கு மேல் தெரியாமல் நின்றபோது, மாம் டோர் எந்தப் பக்கம் என்று சொன்னது அந்தப் புள்ளிதான். போனில் திசை காட்டும் அம்புக்குறியை நம்பாதீர்கள், நின்ற இடத்தில் அது பம்பரமாகச் சுற்றும். நாலடி நடந்து புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அப்புறம் மழை வந்தது. ஈரத் திரையில் விரல் வேலை செய்யவில்லை, தானாகவே பெரிதாகிறது, தானாகவே ஸ்காட்லாந்துக்குப் போகிறது. குளிரில் பேட்டரி வேறு சரசரவென்று இறங்கியது. பேப்பர் மேப்பை அப்போதுதான் விரித்தோம். பவர் பேங்க் இல்லாமல் போகவே போகாதீர்கள்.

மாம் டோர் 517 மீட்டர்தான், நம்ம ஊர்க் கணக்கில் குன்று. ஆனால் பனி விலகி இரண்டு பக்கப் பள்ளத்தாக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தபோது மச்சான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அது அபூர்வம். கீழே நிலச்சரிவில் நொறுங்கி 1979இல் கைவிடப்பட்ட பழைய ரோடு, தார் அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கிறது. அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

இறங்கி வந்து கேஸில்டன் கிராமத்தில் ஆளுக்கொரு பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது), சிப்ஸ். குழம்பு ஊற்றிய அந்த மாட்டிறைச்சிப் பை அமிர்தம், விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் இறங்காது. அப்புறம் ஹோப் ஸ்டேஷன் போக டாக்ஸி கேட்டோம், மூன்று சொச்சம் கிலோமீட்டருக்கு இருபது பவுண்டு என்றார் டிரைவர். ஞாயிற்றுக்கிழமையாம். சரி போய் வாருங்கள் என்று போனை எடுத்தேன். பீக்ஸ்ஹோல் வாட்டர் என்ற ஓடைக்குப் பக்கத்திலேயே ஹோப் ஊர் வரை பச்சைக் கோடு போகிறது, நடுவில் சிமெண்ட் ஆலைக்குப் போகும் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்த நடையிலும் சுகமான பகுதி அதுதான், ஏற்றமே கிடையாது. ஆனால் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, ரோட்டோரமாக இன்னும் கால் மணி நேரம் நடக்க வேண்டும். ரயிலும் அடிக்கடி கிடையாது, நேரத்தைக் கேஸில்டனில் டவர் கிடைக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.