ஒரு கரண்டியும் அறுபது மடங்கும்

எருசலேமில் ஒரு யூத மூதாட்டியைப் பராமரிக்கச் சேர்ந்த மூன்றாவது வாரம், டிசம்பர் மாதத்து வியாழக்கிழமை அது. கொதித்துக்கொண்டிருந்த கோழி சூப்பை நீல நாடா கட்டிய கரண்டியால் கிளறிவிட்டேன்.

இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பதால் அந்தச் சமையலறையில் எல்லாமே இரண்டிரண்டு. சிவப்பு நாடா என்றால் இறைச்சிக்கு, ‘பசரி’. நீல நாடா என்றால் பாலுக்கு, ‘ஹலவி’. காய்கறி, முட்டை, மீன் எல்லாம் இரண்டிலும் சேராத ‘பார்வே’. அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் சாவ்தாவின் வேலை. பாட்டியை எபிரெயத்தில் அப்படித்தான் அழைக்கிறோம். யூதரல்லாதவர் சமைத்தாலும் நெருப்பாவது தங்கள் கையால் பற்ற வேண்டும் என்பது அவர்கள் முறை. நடுங்கும் விரல்களால் அவரே குமிழைத் திருகுவார்.

வெள்ளாட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்ற வசனத்தை நான் ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறேன். யாத்திராகமத்தில் இருமுறை, உபாகமத்தில் ஒருமுறை வருகிறது. ஆனால் சோப்புப் போட்டுத் தேய்த்த கரண்டியில் பால் எங்கே இருக்கிறது?

சாவ்தாவின் மகள் தொலைபேசியில் அழைத்த ரப்பி, அதாவது யூத மதகுரு, அதைத்தான் விளக்கினார். சூட்டில் பாத்திரம் சுவையை விழுங்கும். மறுபடி சூடு பட்டால் அதை உமிழும். பிறகு கேள்விகள்: சூப் கொதித்ததா? கரண்டி கடைசியாகச் சூடான பாலில் பட்டது எப்போது? எதுவரை உள்ளே போனது? காலையில்தான் அதே கரண்டியால் பாலில் ரவைக் கஞ்சி கிண்டியிருந்தேன். 24 மணி நேரம் கடந்திருந்தால் சுவை கெட்டுப்போனதாகக் கொண்டு சூப்பை உண்ணலாம் என்று விட்டுவிடுவார்களாம்.

மிஞ்சியது ஒரே வழி. கரண்டி முங்கிய அளவைப்போல் 60 மடங்கு சூப் இருந்தால் பாலின் சுவை அதில் கரைந்து ஒன்றுமில்லாமல் போனதாகக் கணக்கு. விளிம்புவரை நீர் நிரப்பிய டம்ளரில் கரண்டியை முக்கி, வழிந்ததை அளந்தேன். 25 மில்லி. அப்படியானால் ஒன்றரை லிட்டர் வேண்டும். பானையில் ஒரு லிட்டர்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாவ்தா ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. சூப்பைத் தெருப்பூனைகளுக்கு ஊற்றச் சொன்னார். ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ பாலோடு வெந்திருந்தால் அந்தப் பயன்கூடக் கூடாது. கோழிக்கு உண்ணும் தடை மட்டும்தான்.

பானையும் கரண்டியும் மீள வேண்டுமானால் ‘ஹக்அலா’, அதாவது கொதிநீரால் தூய்மையாக்கும் சடங்கு, செய்ய வேண்டும். மண்பாண்டமாக இருந்திருந்தால் அதற்கும் வழியில்லை, தூக்கிப்போட வேண்டியதுதான். எஃகு என்பதால் தப்பியது. முதலில் 24 மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். கைப்பிடித் திருகாணிகளைக் கழற்றி, இடுக்கில் படிந்த பிசுக்கை ஊசியால் சுரண்டி எடுத்தேன். எனக்கு அதுதான் பெரும்பாடு.

வெள்ளி நண்பகலில் மகள் வந்தார். டிசம்பரில் இங்கே நான்கு மணி வாக்கில் ஓய்வுநாள் விளக்கை ஏற்றிவிடுவார்கள். அதற்குள் மறுநாள் உணவும் அடுப்பேற வேண்டும். பானையில் விளிம்புவரை நீர் நிரப்பிக் கொதிக்கவைத்தோம். பக்கத்து அடுப்பில் சூடேற்றிய கல்லை இடுக்கியால் எடுத்து உள்ளே போட்டார். கொதிநீர் பொங்கி விளிம்பின் எல்லாப் பக்கமும் வழிந்தது. உடனே குளிர்ந்த நீரில் அலசல். கரண்டியை வேறொரு பானையின் தளதளக்கும் நீரில் முழுதாக முக்கி எடுத்தோம். ஒன்றரை மணிக்கு, மீண்ட பானையில் மாட்டிறைச்சியும் பயறும் ஏறின. சாவ்தா வந்து குமிழைத் திருகினார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வெங்காயம், பூண்டு நறுக்கத் தனிக் கத்தி கேளுங்கள். காரமானவை சூடில்லாமலே, கத்தியின் அழுத்தத்திலேயே சுவையை இழுத்துக்கொள்ளுமாம். எங்கள் வீட்டில் அதற்குப் பச்சை நாடா கட்டியிருக்கிறேன்.