கண்ட்ரோல்-டி அழுத்திய காலம்

லினக்ஸ் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பி, “எஸ்சிஓன்னா லினக்ஸ எதிர்த்து கேஸ் போட்ட கம்பெனிதானே அண்ணே?” என்று கேட்டான். எனக்கு மனசே ஆறவில்லை.

1994-இல் கும்பகோணத்தில் இருந்துகொண்டு மன்னார்குடி, திருவாரூர், மாயவரம் என்று பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவன் நான். ஒரு நெல் மண்டி ஆபீஸில் ஒரே ஒரு 486 கம்ப்யூட்டர், அதில் எஸ்சிஓ கம்பெனியின் யூனிக்ஸ் (பல பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்க விடுகிற ஆபரேட்டிங் சிஸ்டம்), மல்டிபோர்ட் கார்டிலிருந்து ஒயர் இழுத்து ஆறு டெர்மினல் (திரையும் கீபோர்டும் மட்டும்), ஆறு பேரும் ஒரே நேரத்தில் பில் போடுவார்கள். குறுவை வரத்து நேரத்தில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் எனக்கு ஆள் வரும். மிஷினை ஆன் செய்ததும் டிஸ்கைச் சரிபார்க்கிற எஃப்எஸ்சிகே ஓடும், ஒவ்வொரு கட்டமாகத் திரையில் வரி இறங்கும், கணக்குப்பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் பேச்சில்லாமல் நிற்பார். முடிந்ததும் மிஷின் வழக்கம்போல் ஓட கண்ட்ரோல்-டி அழுத்துவேன். கொஞ்ச நேரத்தில் மூலைக்கு மூலை பச்சை எழுத்தில் ‘லாகின்’. “வந்துடுச்சு தம்பி” என்று அவரே எல்லாருக்கும் குரல் கொடுப்பார்.

அதைத் தந்தது கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் லாரி மைக்கேல்ஸும் மகன் டக் மைக்கேல்ஸும் 1979-இல் தொடங்கிய சாண்டா குரூஸ் ஆபரேஷன், சுருக்கமாக எஸ்சிஓ. யூனிக்ஸை உருவாக்கிய ஏடி அண்ட் டியிடம் லைசென்ஸ் வாங்கி மைக்ரோசாஃப்ட் 1980-இல் அறிவித்த ஜீனிக்ஸ் என்கிற யூனிக்ஸை இவர்கள்தான் இன்டெல் பிசிக்குள் கொண்டு வந்தார்கள், 1987-இல் 386 சிப்புக்கும் வந்தது, 1989-இல் எஸ்சிஓ யூனிக்ஸ், 1995-இல் ஓபன்சர்வர் 5. பீரோ அளவுக்கு இருந்த ‘மினி கம்ப்யூட்டர்’ வாங்க வசதியில்லாத நம்ம ஊர் ஆபீஸ்களுக்கு யூனிக்ஸ் கிடைத்தது இப்படித்தான். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சரி, கேஸ்? 2001-இல் சாண்டா குரூஸ்காரர்கள் யூனிக்ஸ் வியாபாரத்தை கால்டெரா என்கிற லினக்ஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டு டாரன்டெல்லா என்று பேர் மாற்றிக்கொண்டார்கள். 2005-இல் அதையும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனி வாங்கிவிட்டது. கால்டெரா என்ன செய்தது, 2002-இல் தன் பேரை எஸ்சிஓ குரூப் என்று வைத்துக்கொண்டு, 2003 மார்ச்சில், யூனிக்ஸ் சரக்கை லினக்ஸில் சேர்த்துவிட்டதாகச் சொல்லி ஐபிஎம் மேல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. யூனிக்ஸ் பதிப்புரிமை (காப்பிரைட்) நோவெல் என்கிற இன்னொரு சாஃப்ட்வேர் கம்பெனியுடையது என்று 2007-இல் நீதிபதி சொன்னார், அடுத்த மாதமே எஸ்சிஓ குரூப் திவால் மனு கொடுத்தது, 2010-இல் ஜூரியும் நோவெல் பக்கம்தான்.

வழக்குப் போட்டது கால்டெரா. மண்டியில் ஓடிய யூனிக்ஸைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். அந்தத் தம்பியை உட்கார வைத்து இதைத்தான் சொன்னேன்.