ஸ்பிட்டிக்கு சைக்கிளா? சிம்லா பக்கமாக ஏறுங்கள்

இமாச்சலப் பிரதேசத்து மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிட்டியில் சைக்கிள் ஓட்டிவிட்டுத் திரும்பி இன்னும் துணி துவைக்கவில்லை. மணாலியிலிருந்து டெல்லிக்கு ஏற்றிவந்த வேன்காரர் மேல் கோபம் ஆறவில்லை, அந்தப் பள்ளத்தாக்கு தந்த சந்தோஷமும் குறையவில்லை. இரண்டும் சூடாக இருக்கும்போதே, இந்த வழியில் போக நினைப்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம் திசை. பலர் மணாலியில் தொடங்குவதாகத் திட்டம் போடுகிறார்கள், வரைபடத்தில் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவுக்கு அதுதான் கிட்ட. தயவுசெய்து வேண்டாம். மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து ஸ்பிட்டிக்குள் நுழையும் குன்சும் கணவாய் 4,551. அந்தப் பக்கம் போனால் உடம்பு பழகுவதற்குள் கணவாய் வந்துவிடும். சிம்லாவில் தொடங்கினால் நார்கண்டா, ராம்பூர், கல்பா, நாகோ, தாபோ, காசா என்று உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்று மலை மருத்துவம் சொல்கிறது. நாகோ ஏற்றம் மட்டும் இதை மீறும், அது 3,660 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு இரவு கூடுதலாகத் தங்கிவிடுங்கள். அடுத்து வரும் தாபோ 3,280தான், தலைவலி இருந்தாலும் அங்கே இறங்கும்போது தணிந்துவிடும். கி.பி. 996இல் எழுப்பிய மண் மடாலயம் தாபோவில் இருக்கிறது. ஓய்வு நாளை அங்கே வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

ராம்பூர் வரை சொல்ல ஒன்றுமில்லை. லாரி, புகை, சட்லெஜ் ஆறு. அதற்கு அப்புறம் வரும் கின்னௌர் மாவட்டத்தில் கல் விழும் சரிவுகளில் நின்று போட்டோ எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

காசாவுக்கு அப்புறம்தான் நான் தேடிப்போன மண் பாதை. லாங்சா, ஹிக்கிம், கோமிக் மூன்று கிராமங்களையும் ஒரு சுற்றாகப் போட்டேன். காசாவில் பையை இறக்கிவைத்துவிட்டு வெறும் சைக்கிளில் ஏறவேண்டிய சுற்று இது. ஹிக்கிமில் 4,400 மீட்டர் உயரத்தில் ஒரு தபால் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து அம்மாவுக்குக் கார்டு போட்டேன். லாங்சாவில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் மண்ணில் கிடக்கின்றன. இமயமலை ஒரு காலத்தில் கடலடி என்று பள்ளியில் படித்தது அங்கே காலடியில் கிடந்தது! எடுத்துக்கொண்டு வராதீர்கள், விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

காசாவிலிருந்து, குன்சும் கணவாய்க்கு முன்னால் இருக்கும் லோசர் கிராமத்துக்கு எல்லோரும் ஆற்றோரச் சாலையில் போகிறார்கள். நான் கீ மடாலயம், கிப்பர் வழியாக மேலே போய் சிச்சம் பாலத்தைத் தாண்டினேன். 2017இல் அந்தப் பாலம் வரும் வரை, ஊர்க்காரர்கள் கயிற்றில் தொங்கும் தொட்டியில் உட்கார்ந்து கையால் இழுத்துத்தான் பாலத்துக்குக் கீழே இருக்கும் மலைப் பிளவைக் கடந்திருக்கிறார்கள். அதற்கு மேல் போகும் மண் பாதை கீழே கியாட்டோ பக்கம் பெரிய சாலையில் சேர்கிறது. ஏற்றம் அதிகம், வண்டி குறைவு. இந்தப் பயணத்திலேயே சிறந்த சவாரி அதுதான், சந்தேகமே இல்லை.

சிச்சமில் ஒரு வீட்டில் தங்கினேன். இரவும் காலையும் சாப்பாட்டோடு 1,000 ரூபாய். வயலில் அப்போது பச்சைப் பட்டாணி அறுவடை. அந்த அக்கா கூடையோடு வந்து உட்கார்ந்து உரிக்க, நானும் சேர்ந்து உரித்தேன். உரித்ததில் பாதி என் வாய்க்குள் போனது, அவ்வளவு இனிப்பு. மீதி துக்பா என்ற சூப்பில் விழுந்தது. கையால் கிள்ளிப் போட்ட மாவு, பட்டாணி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் உப்பு, வேறு எதுவுமில்லை. மூன்று கிண்ணம் குடித்தேன். இந்தியாவில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளில் இதற்கு முதல் வரிசையில் இடம்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். குன்சும் தாண்டி பாதல், சத்ரூ, கிராம்ஃபு வரை கிலோமீட்டர் கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு மணிக்கணக்குப் போடுங்கள். பாதலிலிருந்து சத்ரூ சுமார் 30 கி.மீ. தார் ரோட்டில் அது ஒரு காலை வேலை. இங்கே தலை அளவு உருண்டைக் கல்லும் சேறுமாக, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போனால் பெரிது. நடுவில் நாலாக்கள், பனி உருகி சாலைக்குக் குறுக்கே ஓடும் ஓடைகள். வெயில் ஏற ஏற பனியாறு உருகும், பிற்பகலில் தண்ணீர் கூடும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது மாலையில் முழங்காலைத் தாண்டும். அதனால் பாதலில் தூங்கி, விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். செருப்பு ஒரு ஜோடி தனியாக எடுத்துப்போங்கள், ஷூ நனைந்தால் அன்று காயாது.

சைக்கிளுக்கு 2.2 இஞ்ச் டயர், டியூப்லெஸ், கூடவே ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் சீலன்ட் திரவம். இறக்கங்கள் நீளம், பிரேக் பேட் கூடுதலாக ஒரு செட் வேண்டும். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உங்கள் சைக்கிளுக்கு உரியதையே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வழியில் பஞ்சர் ஒட்டுவார்கள், ஆனால் ஹேங்கர் உடைந்தால் பயணம் முடிந்தது. காசாவில் ஏடிஎம் உண்டு, அதை மட்டும் நம்பாமல் பணமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம்ஃபுவிலிருந்து 3,978 மீட்டர் உயர ரோதங் கணவாய் ஏறி மணாலியில் இறங்கினேன். அங்கேதான் அந்த வேன். சைக்கிளுக்கும் சேர்த்து 2,500 என்று பேசி ஏறினேன். நள்ளிரவில் நடுவழியில் டீக்கடையில் நிறுத்திவிட்டு, சைக்கிளுக்குத் தனியாக 2,000 கொடு, இல்லாவிட்டால் இங்கேயே இறக்கிவிடுவேன் என்றார். கூட வந்தவர்கள் சத்தம் போட்டு அது 800இல் முடிந்தது. சிச்சமில் ஒரு குடும்பம் ஒரு நாள் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டதற்கு வாங்கிய பணத்தில் முக்கால்வாசியை, ஒன்றுமே செய்யாமல் ஒரு ஆள் பிடுங்கிக்கொண்டார். மேலே கயிறு கட்டியதுகூட நான்தான். கட்டணத்தை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், சைக்கிள் என்ற வார்த்தை அதில் இருக்கட்டும்.

எப்போது போவது? குன்சும் பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் மழை கின்னௌரில் சாலையை அறுத்துவிடும். பட்டாணியும் வேண்டும், நாலாவும் தணிந்திருக்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் கடைசியில் சிம்லாவில் தொடங்குங்கள். நானும் அடுத்த வருடம் அதே சமயத்தில் போகிறேன். இந்த முறை நாள் போதாமல் விட்ட ‘பின்’ (Pin) என்ற பள்ளத்தாக்குக்கு, தாபோவுக்கும் காசாவுக்கும் நடுவே உள்ள அட்டர்கோ பாலத்தில் இடப்பக்கம் திரும்பி முத் கிராமம் வரை.