அவசரமில்லன்னு சொன்னது நான்தான்

பித்தப்பைக் கல்லோட வந்த ஒரு பாட்டிய பாத்துட்டு டாக்டர் பர்மியத்துல சொன்னது "அயேபோ மஹொபூ". நான் சொன்னது "அவசரமில்ல பாட்டி". அயேபோன்னா எமர்ஜென்ஸி, மஹொபூன்னா இல்ல, அப்போ இதுல நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? டிக்ஷனரிய வச்சு மார்க் போட்டா நான் பாஸ்தான். ஆனா நம்ம ஆளுங்க காதுல "அவசரமில்ல" வேற மாதிரி விழும், அறுவடை முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு விழும். டாக்டர் சொன்னது இன்னைக்கு ராத்திரியே வயித்த கிழிக்க வேணாம்ங்கறது மட்டும்தான்.

என் வேலை டோக்கன் எழுதறது, ஸ்கேனுக்கு ஆள் அனுப்பறது. மொழிபெயர்ப்புக்கு எனக்கு யாரும் சம்பளம் குடுக்கல, சொல்லியும் குடுக்கல. ரங்கூனுக்கு அந்தப் பக்கம் சிரியம், அதுக்கு பக்கத்து கிராமத்துல இருந்து வர வயசானவங்களுக்கு கடையில பேரம் பேசற அளவுக்கு பர்மியம் வரும், டாக்டர் பேசற பர்மியம் வராது, கூட வர பேரனுக்கு பர்மியம் வரும் ஆனா பித்தப்பைக்கு தமிழ்ல என்ன பேருன்னு தெரியாது, அதனால "ஸயாமா கொஞ்சம் வாங்க"ன்னு என்ன கூப்பிடுவாங்க. ஸயாமாவாம், டாக்டரம்மா நர்ஸம்மாவ கூப்பிடற மரியாத பேரு! நான் நர்ஸே கெடையாது.

பாட்டிக்கு ரெண்டு வருஷமா அந்த வலி இருந்திருக்கு. எண்ணெ மேல மிதக்குற கறி சாப்பிட்ட அன்னைக்கு ராத்திரி நெஞ்சுக்குழிய பிடிச்சுக்கும், வலது பக்கம் விலாவுக்கு கீழ இருந்து தோள்பட்டை வரைக்கும் குத்தும், ரெண்டு மணி நேரம் உருண்டுட்டு தானா விட்டுரும். கேஸ்னு நெனச்சு மாத்திரை போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. இதுல பாதி பேரு அப்படித்தான் வராங்க, வலி விட்டுட்டா வியாதியும் விட்டுருச்சுன்னு நெனப்பு. வெறும் வயித்துல வர சொல்லி ஸ்கேன் எடுத்தாங்க, சாப்பிட்டுட்டு வந்தா பித்தப்பை சுருங்கிரும், உள்ள சரியா தெரியாது. திரையில வெள்ளையா கல்லு, அதுக்கு பின்னாடி கறுப்பா நிழலு, ஒருக்களிச்சு படுக்க சொன்னா கல்லும் கூடவே உருளுது. நாலஞ்சு இருந்துச்சு.

பாட்டி கேட்டது மூணு கேள்வி. மொதல்ல, வாழத்தண்டு சாறு குடிச்சா கரையுமான்னு. இது பாட்டி மட்டும் கேக்கறதில்ல, கல்லுன்னாலே நம்மாளுங்களுக்கு சிறுநீரகக் கல்லுதான், பர்மியத்துல அதுக்கும் மேல, கல்லுக்கு ச்சௌ, கிட்னிக்கு பேரே ச்சௌன்னுதான் ஆரம்பிக்கும், யாருக்குத்தான் குழம்பாது. பித்தத்துல கொழுப்பு ஜாஸ்தியாகி கட்டியாகறதுதான் இந்தக் கல்லு முக்காவாசி, அது இருக்குற பைக்கு மூத்திரப் பாதையோட சம்பந்தமே இல்ல, அதனால சாறு அங்க போய் கழுவாது. வாழத்தண்டு வேணும்னா மொய்ங்காவுல, அதான் அந்த மீன் குழம்பு நூடுல்ஸுல, தினம் போட்டுத்தான சாப்பிடறீங்கன்னு நானே ஒரு ஜோக் அடிச்சேன். பாட்டி சிரிச்சாங்க. அந்த சிரிப்புதான் இப்ப உறுத்துது, ஏன்னா அதுக்கப்புறம் அந்த ரூமே லேசாயிருச்சு.

ரெண்டாவது, கல்ல மட்டும் எடுத்துட்டு பைய விட்டுரக் கூடாதா. இத நான் அப்ப சரியா சொல்லல, அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 1882ல பெர்லின்ல லாங்கன்புக்னு ஒரு சர்ஜன்தான் மொத மொதல்ல பையையே எடுத்தவரு, கல்ல எடுத்துட்டு பைய விட்டா அது மறுபடி கல்லு செய்யும்ங்கறது அவரு கணக்கு. 1985ல ஜெர்மனியிலயே ம்யூஹேன்னு ஒருத்தர் உள்ள பாக்குற குழாய் வச்சு சின்ன ஓட்டை வழியா எடுத்தாரு, இப்ப நெறய ஊர்ல அந்த மாதிரிதான், வயித்துல கேஸ் ஊதி மூணு நாலு ஓட்டை, பெரும்பாலும் மறுநாளே வீடு. பை இல்லன்னாலும் பித்தம் ஈரல்ல இருந்து நேரா குடலுக்கு போயிரும், சாப்பாடு செரிக்கும். கரைக்கற மாத்திரையும் இருக்கு, சின்ன கொழுப்புக் கல்லுக்கு மட்டும், மாசக்கணக்குல சாப்பிடணும், நிறுத்தினா நெறய பேருக்கு திரும்ப வரும். இவ்வளவும் அன்னைக்கு தெரிஞ்சிருந்தா பாட்டிக்கு ஆபரேஷன் பயம் கொஞ்சம் கொறஞ்சிருக்குமோ என்னவோ.

மூணாவதுதான் அது. "அவசரமா கண்ணு?"

டாக்டர் அயேபோ மஹொபூன்னு மட்டும் சொல்லல. ஆனா வலி வந்துட்ட கல்லு, மறுபடி வரும், தள்ளிப் போடாம எடுத்துடறது நல்லதுன்னும் சொன்னாரு. அதையும் நான் சொன்னேன். சொன்னேன்னுதான் நெனக்கிறேன். அதே நேரம் அடுத்த டோக்கன் கதவ தட்டிட்டு இருந்தாரு, நான் பாதி அங்க பாதி இங்க, காய்ச்சல் வந்தா கண்ணு மஞ்சளானா ஒடனே வாங்கன்னு சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு, நடுவுல இருந்த "தள்ளிப் போடாம" மட்டும் ஞாபகம் இல்ல. பாட்டி மொகத்துல இருந்த நிம்மதிய பாத்தா சொல்லிருக்க மாட்டேன்.

ரெண்டு மாசம் போச்சு. பேரன்தான் வந்து சொன்னான். பீலிக்கான் முனீஸ்வரருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்துச்சாம், அது முடியட்டும்னு இருந்தாங்களாம், "அவசரமில்லன்னு அந்த பொண்ணே சொல்லிருச்சு"ன்னு பாட்டி எல்லார்கிட்டயும் சொன்னாங்களாம். அப்புறம் ஒரு ராத்திரி வலி வந்தது விடவே இல்ல, குளுரு காய்ச்சல், கண்ணு மஞ்சள். கல்லு பையில இருந்து நழுவி பித்தக் குழாய்ல போய் அடைச்சிருச்சு. பெரிய ஆஸ்பத்திரில வாய் வழியா கேமரா குழாய் விட்டு மொதல்ல அந்தக் கல்ல எடுத்தாங்க, காய்ச்சல் எறங்கினதும் பைய எடுத்தாங்க. பொழச்சுட்டாங்க. நடுவுல ரெண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியலையாம்.

நான் டாக்டர்கிட்ட கேட்டேன். அவரு, கல்லு எப்ப நழுவும்னு யாருக்கும் தெரியாது, மறுவாரம் தேதி குடுத்திருந்தாலும் அதுக்கு முந்தின நாள் நழுவிருக்கலாம்னாரு. நெசம்தான். ரெண்டு நாள் நிம்மதியா தூங்கினேன். அப்புறம், நழுவாமலும் இருந்திருக்கலாமேன்னு தோணிச்சு.

இதோட விட்டிருந்தா பரவால்ல. அதுக்கப்புறம் நான் ரொம்ப உஷாராயிட்டேன். ஒருத்தர் வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்க வந்தாரு, பையில ஒரு கல்லு இருந்துச்சு, வலி ஒண்ணும் இல்ல. டாக்டர் இத தொடவே வேணாம்னு சொன்னாரு, அதுவும் சரிதான், சத்தமில்லாம இருக்குற கல்லு நெறய பேருக்கு சாகற வரைக்கும் சத்தம் போடாது. நான் அத சொல்லிட்டு வாய் சும்மா இருக்காம "எதுக்கும் தள்ளிப் போடாதீங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தை சேத்தேன், பாட்டிக்கு சொல்லாத வார்த்தைய இவருக்கு சொல்லி கணக்கு நேர் பண்ணிட்டேன் போல. மனுஷன் பயந்து போய் பொண்டாட்டி சங்கிலிய அடகு வச்சுட்டு வேற எடத்துல ஆபரேஷனுக்கு கேக்க போயிட்டாரு. அங்கயும் வேணாம்னுதான் சொன்னாங்களாம். சங்கிலிய மீட்டாரான்னு கேக்க எனக்கு தைரியம் இல்ல.

டாக்டர் வாய்ல வந்தது மட்டும் சொல்லணும்னு ஒரு நாள் தோணும், அப்படி சொல்லித்தான பாட்டிக்கு ஆச்சுன்னு மறுநாள் தோணும்.

போன வாரம் பாட்டி வந்தாங்க, இளைச்சிருந்தாங்க, கூட பக்கத்து வீட்டு அம்மா. அவங்களுக்கும் அதே வலி, அதே கல்லு. ஆலிவ் ஆயில்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சு பச்சையா கல்லு வெளிய வந்துச்சுன்னு பேஸ்புக்ல யாரோ போட்டத பாத்துட்டு அதையும் குடிச்சிருக்காங்க, வெளிய வந்தது அந்த எண்ணெயே வயித்துல சோப்பு மாதிரி கட்டியானது, கல்லு ஸ்கேன்ல அப்படியே இருக்கு. பாட்டி அந்தம்மாகிட்ட "இந்த பொண்ணு கிட்ட கேளு, சரியா சொல்லும்"னாங்க. குத்திக் காட்டறாங்களான்னு மொகத்த பாத்தேன், இல்ல, நெசமாவே சொல்றாங்க.

அந்தம்மா கேட்டாங்க, அவசரமான்னு. நான் தமிழ்ல ஒண்ணும் சொல்லாம டாக்டர் பக்கம் திரும்பி, எத்தன வாரத்துக்குள்ள செய்யணும்னு நம்பரா சொல்லுங்கன்னு கேட்டேன். அவரு சிரிச்சுட்டு, அத எப்படிம்மா சொல்ல முடியும், சீக்கிரம்னு சொல்லுன்னாரு.

ரெண்டு பேரும் என் வாயவே பாத்துட்டு இருந்தாங்க.